சிற்றுருவுக்கு நிறமிடும் கலை

கட்டைவிரலின் மேற்கணுவளவே உயரமுள்ள ஒரு மனித உருவுக்குக் கண்ணும் புருவமும் எழுதி, ஆடையின் மடிப்பில் நிழலும் தோளின் மேட்டில் ஒளியும் தீட்டி, உயிருள்ளதுபோல் நிறுத்தி வைப்பது ஒரு கலை. வாளேந்திய வீரன், கோலூன்றிய மந்திரவாதி, பாதாளத்துப் பூதம், நெருப்பை உமிழும் பறவைநாகம் என்னும் கற்பனை உருவங்களைப் பலகையின்மேல் நகர்த்தி ஆடும் விளையாட்டுகள் இன்று உலகின் பல பகுதிகளிலும் பரவியிருக்கின்றன. அவ்வுருவங்கள் பெரும்பாலும் ஒரே சாம்பல் நிறத்தில், வெறுமையாகவே பெட்டியில் வருகின்றன. அவற்றுக்கு நிறமிடுவது வாங்கியவருடைய வேலை. விளையாட்டைக் காட்டிலும் இந்த வேலையையே விரும்பி, மாதக்கணக்கில் ஒரே உருவின்முன் அமர்ந்திருப்போரும் பலர் உளர்.

கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே, மூதூருக்கும் சம்பூருக்கும் இடையே அமைந்த கட்டைபறிச்சான் போன்றதொரு கிராமத்தில் இக்கலையைத் தொடங்க ஒருவர் விரும்பினால், அவருக்கு வேண்டிய அறிவு யாது, கருவி யாது, அவர் காக்க வேண்டிய எச்சரிக்கை யாது என்பவற்றை ஒழுங்குபட ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதலில் இதன் வரலாற்றைச் சிறிது காண்போம். பலகையின்மேல் படையை நிறுத்தி ஆடும் வழக்கம் நமக்குப் புதியதன்று. சதுரங்கம் என்னும் பெயரே யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைக் குறிப்பது. இந்தியாவில் தோன்றிய அவ்விளையாட்டு பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த லூவிஸ் தீவில் 1831ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட பழைய சதுரங்கக் காய்கள், கடற்பசுவினத்தைப் போன்ற வால்ரஸ் என்னும் விலங்கின் தந்தத்தில் செதுக்கப்பட்டவை. அவற்றுள் சில சிவப்பு நிறம் ஏற்றப்பட்டிருந்தன. அரசனையும் அரசியையும் முகபாவத்தோடு வடித்து, ஒரு பக்கத்தாரை மற்றப் பக்கத்தாரினின்றும் நிறத்தால் பிரித்த அந்தக் கைகள், இன்றைய கலைஞரின் முன்னோருடைய கைகளே.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, 1824ஆம் ஆண்டளவில், பிரசிய நாட்டுப் படை அதிகாரிகள் போர்ப் பயிற்சிக்காக நிலப்படத்தின்மேல் ஆடும் விளையாட்டொன்றைக் கைக்கொண்டனர். 1913ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடுவதற்கான விதிகளை ஒரு நூலாகவே எழுதினார். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்னும் இருவர் இயற்றிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. படை விளையாட்டு கற்பனைக் கதையோடு கைகோத்தது. 1983ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ‘வார்ஹாமர்’ என்னும் விளையாட்டும், 1989ஆம் ஆண்டில் ‘ஹீரோ குவெஸ்ட்’ என்னும் பலகை விளையாட்டும் தோன்றின. நிறமற்ற சிறிய பிளாஸ்டிக் உருவங்களைப் பெட்டியோடு தந்து, எத்தனையோ சிறுவரின் கையில் முதன்முதலாகத் தூரிகையை ஏந்தச் செய்தது இந்தப் பின்னைய விளையாட்டே.

நம்மவர் வாழ்வில் இதற்கு மிக நெருங்கிய உறவுடையது கொலுப் பொம்மை. தமிழகத்தில் பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரையை அடுத்த விளாச்சேரி, சென்னையின் கொசப்பேட்டை ஆகிய இடங்களில் பரம்பரை பரம்பரையாகப் பொம்மை செய்வோர் வாழ்கின்றனர். களிமண்ணையோ காகிதக் கூழையோ அச்சில் இட்டு எடுத்து, உலர்த்தி, தேய்த்து, வெண்பூச்சுப் பூசி, அதன்மேல் உடல்நிறமும் உடைநிறமும் ஏற்றி, இறுதியில் நகையும் கண்ணும் எழுதுவது அவர்கள் முறை. முற்காலத்தில் முழுவதும் தூரிகையால் நடந்த இவ்வேலையில், இன்று பல பட்டறைகள் அடிநிறத்தைக் காற்றழுத்தக் கருவியால் தூவுகின்றன. ஆகவே, நவராத்திரியில் கொலு வைத்து வழிபடும் ஓர் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு, இக்கலை முற்றிலும் அயலான ஒன்றாகத் தோன்றாது. அளவு சிறிது; கதை வேறு; கைவேலை ஒன்றே.

இனி, அந்தக் கைவேலையின் உட்பொருளை நோக்குவோம். சிற்றுருவுக்கு ஏன் நிழலைத் தீட்ட வேண்டும்? மேடும் பள்ளமுமாக வார்க்கப்பட்ட உருவின்மேல் விளக்கொளி விழுந்தால் நிழல் தானாகவே உண்டாகாதா என்று சிலர் வினவலாம். உண்டாகும், ஆயின் அது கண்ணுக்கு எட்டாது. காரணம் கணக்கிலே இருக்கிறது. இவ்வுருவங்கள் பொதுவாக 28 மில்லிமீற்றர் உயரமுடையன. உண்மை மனிதனின் அறுபதில் ஒரு பங்கு எனலாம். மனிதனின் மூக்குத்துளை ஒரு சென்ரிமீற்றர் எனக் கொண்டால், சிற்றுருவில் அது ஏறத்தாழ 0.17 மில்லிமீற்றராகச் சுருங்கிவிடுகிறது. நல்ல பார்வையுடைய ஒருவர் 60 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவும் ஏறக்குறைய அதுவே. வேறு விதமாகச் சொன்னால், மேசையின்மேல் நிற்கும் வீரனைப் பார்ப்பது, வயலின் மறுகரையில் 36 மீற்றர் தொலைவில் நிற்கும் மனிதனைப் பார்ப்பதற்கு ஒப்பாகும். அத்தொலைவில் அவன் இமையின் நிழலையும் இதழின் கோட்டையும் யார் காண்பார்? அன்றியும், வீட்டு விளக்கின் ஒளி சுவரிலும் கூரையிலும் பட்டுப் பல திசைகளிலிருந்தும் வந்து, இருக்கின்ற சிறு நிழலையும் அழித்துவிடுகிறது. எனவே, இயற்கை தராத நிழலைக் கலைஞன் தர வேண்டியவனாகிறான்.

இந்த உண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். கூத்துக் களரியில் அரிதாரம் பூசிய கலைஞனின் புருவம் காதுவரை நீளுவதும், கண்ணோரம் கருமை தடித்திருப்பதும், கடைசி வரிசையில் பாய் விரித்து அமர்ந்திருப்பவனுக்கும் முகம் தெரிய வேண்டும் என்பதற்காகவே. கோபுரத்தின் உச்சித் தளத்திலுள்ள சுதைப் படிமத்தின் விழி அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக இருப்பதும் அதற்காகவே. அருகே சென்று பார்த்தால் மிகையாகத் தோன்றுவது, உரிய தூரத்தில் அளவாகத் தோன்றுகிறது. ஒளி எவ்வாறு வடிவத்தைக் காட்டுகிறது என்பதை அறிய வேறு பள்ளிக்கூடமும் வேண்டியதில்லை. குடாவின் கரையில் உச்சிப்பொழுதில் நின்று ஒரு பாறையைப் பார்த்தால் அது தட்டையாகத் தெரியும். அதே பாறை காலை மாலைச் சாய்வெயிலில் தன் வெடிப்பையும் விளிம்பையும் ஒன்றுவிடாமல் காட்டும். இவ்வேறுபாட்டைக் கண்டு மனத்திற் கொண்டவனே நிறமிடத் தகுதியுடையவன்.

தொழிலின் படிகள் பின்வருமாறு. முதலில் உருவைச் சவர்க்கார நீரில் கழுவி உலர்த்த வேண்டும். வார்ப்படத்திலிருந்து எளிதில் பிரிவதற்காகச் சேர்த்த எண்ணெய்ப் பசை அதில் ஒட்டியிருக்கக்கூடும். அதன்மேல் தீந்தை பிடிக்காது. பின்பு, அச்சின் இரு பகுதிகளும் கூடிய இடத்தில் எழுந்துள்ள மெல்லிய கோட்டைக் கத்தியால் சுரண்டி நீக்க வேண்டும். அடுத்து அடிப்பூச்சு. உருவு முழுவதற்கும் கறுப்பு அடிப்பூச்சுத் தூவி, அது காய்ந்தபின், தலைக்கு நேர்மேலிருந்து மட்டும் வெள்ளை தூவுவது ஒரு சிறந்த முறை. உச்சி வெயில் எங்கெங்கு படுமோ அங்கெல்லாம் வெள்ளை படியும். வெயில் எட்டாத அக்குளிலும் மடிப்பினடியிலும் கறுப்பு எஞ்சும். இதன்மேல் மெல்லிய நிறங்களை ஏற்றும்போது, அடியிலுள்ள ஒளியும் நிழலும் ஊடுருவித் தெரியும். வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

இவ்வாறு தூவுதற்குரிய கருவியே ஏர்பிரஷ் எனப்படும் காற்றுத்தூரிகை. நிறத்தை ஊதிப் படியவைக்கும் எண்ணம் மனித குலத்தின் மிகப் பழைய எண்ணங்களுள் ஒன்று. இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவுக் குகைகளில், சுவரில் கையை வைத்து அதைச் சுற்றிச் செங்காவியைத் தூவி எடுத்த கைப்பதிவுகள் உள்ளன; அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 40,000 ஆண்டு பழமையுடையது என 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டிற்று. அந்த மூச்சின் இடத்தில் இயந்திரத்தை அமர்த்தியவர்களுள் ஒருவர் அமெரிக்கரான ஆப்னர் பீலர். அவர் 1879ஆம் ஆண்டில் தம் கருவியை அமைத்தார். 1893ஆம் ஆண்டில் சார்ள்ஸ் பேர்டிக் என்பவர் அதனை மேலும் திருத்தினார். கூரிய ஊசியொன்று மெல்லிய மூக்குத்துளையில் பொருந்தியிருக்கும். விசையை அழுத்தினால் காற்று வரும். பின்னே இழுத்தால் ஊசி நகர்ந்து தீந்தை வரும். விரைந்து செல்லும் காற்று தீந்தையை இழுத்துச் சிதறடித்துப் பனிபோலப் படியச் செய்யும். சிற்றுருவுக்கு 0.2 முதல் 0.5 மில்லிமீற்றர் வரையுள்ள துளையும், சதுர அங்குலத்துக்கு 15 முதல் 25 இறாத்தல் வரையுள்ள அழுத்தமும் போதுமானவை. தீந்தை பாலின் பதத்தில் இருக்க வேண்டும். தடித்தால் அடைக்கும், நீர்த்தால் வழிந்தோடும். ஒரே தடவையில் மூட முனையாமல், மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை தூவுவதே தேர்ந்தவர் வழி.

இங்கே நம் நாட்டுக் காலநிலை குறுக்கிடுகிறது. மேலைநாட்டார் எழுதிவைத்த அளவுகளை அப்படியே கைக்கொண்டால் கிழக்குக் கரையில் ஏமாற்றமே எஞ்சும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெப்பமும் வறட்சியும் மிகுவதால், அக்ரிலிக் தீந்தை ஊசியின் முனையிலேயே காய்ந்து துளையை அடைத்துவிடுகிறது. அக்காலத்தில் உலர்வைத் தாமதப்படுத்தும் திரவத்தைச் சிறிது சேர்ப்பதும், ஊசிமுனையை ஈரத் துணியால் அடிக்கடி துடைப்பதும், காலையிலேயே வேலையை முடிப்பதும் நலம். வாடைக்காற்றோடு மாரிமழை தொடங்கிவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால், அதை அழுத்திப் பின் குளிரவிடும்போது நீராவி நீர்த்துளியாகி, குழாய்வழியே வந்து உருவின்மேல் தெறிக்கிறது. இதற்காகவே குழாயில் நீர்பிடிக்கும் சிறு குடுவையொன்றைப் பொருத்துவர். மாரிகாலத்தில் அதனை அடிக்கடி திறந்து வடிக்க வேண்டும். அன்றியும், ஈரநாளில் தகரக் குவளையிலிருந்து தூவும் வார்னிஷ், மூடுபனிபோல் வெண்மை படர்ந்து பல நாள் உழைப்பையும் கெடுத்துவிடும். மழை ஓய்ந்து வெயில் எழும்வரை பொறுத்திருப்பதே இதற்கு நல்ல மருந்து.

அடுத்து நோக்கத்தக்கது ‘வாஷ்’ எனப்படும் நீர்த்த நிறம். ஓவிய உலகில் இச்சொல் பழையது. 1903ஆம் ஆண்டளவில் கல்கத்தாவுக்கு வந்த யப்பானிய ஓவியரின் தொடர்பால் அபனீந்திரநாத் தாகூர் வளர்த்த வாஷ் முறை, தாளை நனைத்து நனைத்து நிறத்தை மென்மையாக்குவது. சிற்றுருவில் அதன் பயன் வேறு. இங்கே மேற்பரப்பு தட்டையன்று. மேடும் பள்ளமும் உடையது. மிக நீர்த்த கருநிறத்தை அதன்மேல் தடவினால், மேட்டில் நிற்க மாட்டாது பள்ளத்தை நாடி ஓடி அங்கே தங்கிக் காய்கிறது. சங்கிலிக் கவசத்தின் ஒவ்வொரு கண்ணியும், தாடியின் ஒவ்வொரு இழையும், விரல்களின் இடைவெளியும் ஒரே தடவலில் புலப்பட்டுவிடும். கணக்கிலே கண்ட அந்த 0.17 மில்லிமீற்றர் நிழலை, தூரிகை முனையால் எழுத முடியாத நிழலை, நீர் தானே சென்று எழுதிவிடுகிறது.

எளிய வேலைபோல் தோன்றினும் இதிலும் நுட்பம் உண்டு. எந்த நிறத்தின்மேல் எந்த வாஷ் என்பதை ஆராய்ந்து கொள்ள வேண்டும். உடல்நிறத்துக்குச் செம்பழுப்பும், இரும்புக்கு நீலக்கருமையும், பொன்னுக்கும் பித்தளைக்கும் கடும்பழுப்பும் பொருந்தும். மஞ்சளின்மேல் கறுப்பைத் தடவினால் அது நிழலாகாது அழுக்காகும். வெறும் நீரை மிகுதியாகச் சேர்த்தாலோ, தீந்தையைப் பிணைக்கும் பசை வலுவிழந்து நிறம் திட்டுத்திட்டாகக் காயும். அதனால் நிறமற்ற அக்ரிலிக் கலவைத் திரவத்தையும் சேர்ப்பதே முறை.

இன்னொரு தொல்லை வளையக்கறை. மேசையில் சிந்திய தேநீர் காயும்போது நடுவில் வெளிறி விளிம்பில் கறுத்த வளையமாக நிற்பதை யாவரும் கண்டிருப்பர். இதன் காரணத்தைச் சிக்காகோப் பல்கலைக்கழக ஆய்வாளர் 1997ஆம் ஆண்டில் விளக்கினர். துளியின் விளிம்பு பரப்பில் ஒட்டி அசையாது நிற்க, அங்கே நீர் விரைந்து ஆவியாகிறது. அவ்விழப்பை நிரப்ப நடுவிலுள்ள நீர் விளிம்பை நோக்கிப் பாய்ந்து, தன்னோடு துகள்களையும் சுமந்து செல்கிறது. சிற்றுருவின் அகன்ற மேலங்கியில் வாஷ் தேங்கி நின்றாலும் இதுவே நிகழும். எனவே தேங்கிய இடத்திலிருந்து, ஈரமான சுத்தத் தூரிகையால் மிகுதியை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அதைவிட முக்கியமானது, பாதி காய்ந்த பூச்சின்மேல் மீண்டும் கைவையாதிருத்தல். பொறுமையற்ற கை ஒரு நொடியில் தொட்டதை, ஒரு நாள் முயன்றும் திருத்த இயலாது.

வாஷ் காய்ந்தபின் ஒளி வைப்பது எஞ்சும். தூரிகையில் வெளிர்நிறத்தைத் தொட்டு, துணியில் துடைத்து, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் மேடுகளின்மேல் இலேசாக உரசினால் விளிம்புகள் மட்டும் ஒளிரும். பள்ளத்துக்கு வாஷ், மேட்டுக்கு உலர்தூரிகை என்று இரண்டும் ஒன்றையொன்று நிரப்புவன. இறுதியில் கண். கோயிற் படிமத்துக்குக் கண் திறப்பது கடைசிச் சடங்கு. பொம்மை செய்வோரும் கண்ணைக் கடைசியிலேயே எழுதுவர். சிற்றுருவில் கண் அரை மில்லிமீற்றரே ஆதலால், மேலைநாட்டுக் கலைஞர் பலர் அதனை முதலிலேயே எழுதி, பிழைத்த இடத்தை உடல்நிறத்தால் மூடித் திருத்திக்கொள்கின்றனர். இரண்டிலும் குறை காண்பதற்கில்லை. ஒன்று வழிபாட்டின் ஒழுங்கு. மற்றது தொழிலின் வசதி.

இவ்வளவும் அழகைப் பற்றியவை. உடல்நலத்தைப் பற்றிய செய்தி இவற்றினும் முதன்மையானது. இக்கலையைப் பெரும்பாலும் சிறுவரும் இளைஞரும் வீட்டின் மூலையில் அமர்ந்து பயில்கின்றனர் என்பதை மறத்தலாகாது. பனிபோல் பறக்கும் தீந்தை நிறம் தெரியாதபடி மூச்சோடு உள்ளே செல்லும். நீரில் கரையும் தீந்தையாயினும், தூவும்போது வாயையும் மூக்கையும் துகள் தடுக்கும் கவசத்தால் மூடிக்கொள்ள வேண்டும். சாளரத்தைத் திறந்துவைக்க வேண்டும். வாகனங்களுக்குப் பூசும் இருகலவைத் தீந்தைகள் சிலவற்றில் மூச்சுக்குழலைக் கெடுக்கும் பொருள்கள் உண்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று அவற்றை வீட்டிற் பயன்படுத்துவது பெருந்தவறு. பழைய உலோக உருவங்களில் ஈயம் கலந்திருப்பதுண்டு. அவற்றைத் தேய்த்தால் எழும் தூளும், பழைய மஞ்சள், சிவப்புத் தீந்தைகளில் இருக்கும் ஈயமும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்குவன. வீட்டுத் தீந்தையில் பத்து இலட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாது என்னும் விதி இந்தியாவில் 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையிலும் 2013 முதல் தீந்தையிலுள்ள ஈயத்துக்கு எல்லை வகுக்கப்பட்டுள்ளது. பெயர் விபரமற்ற பழைய டப்பாக்களை நம்பாமல் விலக்குவதே அறிவுடைமை.

தூரிகையின் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் ஓவியரிடையே உண்டு. 1920ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்தில் கடிகார முகங்களில் ரேடியம் கலந்த ஒளிநிறத்தைத் தீட்டிய இளம் பெண்கள் இவ்வாறே தூரிகையைக் கூராக்கினர். அது தீங்கற்றது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவர்களுட் பலர் தாடை எலும்பு அழுகி இறந்தனர். நம் கையிலுள்ள தீந்தையில் ரேடியம் இல்லை என்பது உண்மையே. ஆயினும் நிறத்தை வாயில் வைக்கலாகாது என்னும் பாடத்தை உலகம் அவர்கள் உயிரை விலையாகக் கொடுத்துக் கற்றது. அதனைக் கைவிடுவது நன்றியின்மையாகும்.

காற்றுத்தூரிகையும் அதற்குரிய கம்பிரசரும் எளிதில் வாங்கக்கூடியவை அல்ல. அவை இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. கறுப்பு, வெள்ளை, பழுப்பு என்னும் மூன்று தீந்தைகளும், முனை கெடாத ஒரு சிறு தூரிகையும், தேய்ந்துபோன ஒரு பழைய தூரிகையும் இருந்தால், அடிப்பூச்சு, வாஷ், உலர்தூரிகை மூன்றையும் பழகலாம். உருவங்களும் கடல்கடந்து வர வேண்டுமென்பதில்லை. களிமண்ணில் உருட்டிய ஒரு மனிதன், கொலுப் பெட்டியில் நிறம் உதிர்ந்து கிடக்கும் ஓர் ஆண்டிப் பொம்மை ஆகியவற்றிலும் நிழலும் ஒளியும் அதே விதியைத்தான் பின்பற்றுகின்றன.

கட்டைபறிச்சானும் அதன் அயற்கிராமங்களும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், 2006ஆம் ஆண்டின் போரையும் கண்டவை. ஊரைவிட்டுப் பெயர்ந்த சம்பூர் மக்கள் பலர், தம் நிலத்துக்குத் திரும்பும்வரை ஆண்டுக்கணக்கில் கட்டைபறிச்சானில் இருந்த இடைத்தங்கல் முகாமிலே வாழ்ந்தனர். அவசரமாக வீட்டைவிட்டு வெளியேறுவோர் கையில் எடுத்துச் செல்வன மிகச் சில. பொம்மை அவற்றுள் ஒன்றாக இருப்பது அரிது. பின்னர் வீடு எழுகிறது, கிணறு துப்புரவாகிறது, வயல் மீண்டும் விதைக்கப்படுகிறது. விளையாட்டுப் பொருள்களும் கொலுப்படியும் கடைசியிலேதான் திரும்பி வருகின்றன. அவை திரும்பி வரும் வீட்டில், நாளை என்பதைப் பற்றி அச்சமின்றி நினைக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று கொள்ளலாம். ஏனெனில், காய்வதற்கு நேரம் கொடுத்துக் காத்திருக்கும் வேலையை, நாளையும் இதே மேசையில் அமர்வோம் என்னும் நம்பிக்கையுடையவரே தொடங்குவர்.

ஆகவே, பிள்ளையொன்று கட்டைவிரலளவு பூதத்தின்முன் கண்ணைச் சுருக்கி அமர்ந்திருப்பதைக் காணும் பெற்றோர், வீண்வேலை என்று கடிந்துகொள்ள வேண்டியதில்லை. மூக்கைக் கவசத்தால் மூடியிருக்கிறதா, சாளரம் திறந்திருக்கிறதா, தூரிகை வாய்க்குப் போகாமலிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விளக்கைச் சற்று அருகே நகர்த்தி வைத்தால் போதும்.